மூன்று மாதத்தில் ஓலையும் நாரும் கற்றுக்கொள்ள முடியுமா?

தக்கலையைச் சொந்த ஊராகக் கொண்டு, சென்னையில் பத்தாண்டுகள் கணினித் துறையில் பணியாற்றிய 34 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூன்று மாத விடுப்பில் ஊருக்கு வந்து கிராமத்துக் கைவினைப் பள்ளி ஒன்றில் சேர அவர் விரும்புகிறார். அவர் கையில் இரண்டு அறிவிப்புகள் இருக்கின்றன. ஒன்று ஐந்து நாளில் ஏழு கைவினைகளைக் கற்றுத்தருவதாகச் சொல்கிறது. மற்றொன்று 45 நாளும் பனையோலை வேலை மட்டுமே என்கிறது. இரண்டில் எதைத் தேர்வது, கயிறும், ரேந்தை என்னும் லேஸ் பின்னலும், தறியும் இதே காலத்தில் கற்கக்கூடியவையா, இதில் பிழைப்புக்கு வழி உண்டா, 60 வயதைக் கடந்த அம்மாவும் உடன் வந்து கற்கலாமா என்பவை அவருடைய ஐயங்கள்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 45 நாள் வகுப்பில் சேருங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பள்ளி ஓலையை எங்கிருந்து பெறுகிறது, எந்த நிலையில் அதை மாணவர் கையில் கொடுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓலையை நீங்களே வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கீற்றுகளாக வார்ந்து, பதம் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லையென்றால், 45 நாள் வகுப்புக்கும் ஐந்து நாள் வகுப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில் ஒரு மகளிர் பயிற்சி நிலையத்தில் 26 ஆண்டுகள் ஓலைவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கயிறு திரிப்பதைத் தாய்வீட்டில் பார்த்தும் செய்தும் வளர்ந்தேன். ரேந்தை பின்னுவதை நடுவயதில் நாகர்கோவிலில் ஓர் அம்மச்சியிடம் ஓராண்டு கற்றேன். அதில் தேர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆகவே இந்தப் பதிலில் ஓலையின் பக்கம் சாய்வு இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

நம் மாவட்டத்தில் நாரைக் கொண்டு செய்யும் வேலைகளுக்குப் பொதுப்பெயர் ஒன்றும் வழக்கில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓலையை முடைகிறோம், தேங்காய் நாராகிய தும்பைத் திரிக்கிறோம், நூலை நெய்கிறோம், ரேந்தையைப் பின்னுகிறோம், பூவைத் தொடுக்கிறோம், கிழிந்த சுளகின் (முறத்தின்) விளிம்பை நார் கொண்டு பொத்துகிறோம். ஒவ்வொரு வினைக்கும் கை வேறு விதமாக அசைகிறது, உடம்பு வேறு விதமாக அமர்கிறது அல்லது நடக்கிறது. ‘கைவினை வகுப்பு’ என்ற ஒரே கூரையின்கீழ் இவற்றையெல்லாம் அடுக்கிவைத்தது அண்மைக்கால வழக்கம். அதனால்தான் ‘ஏழு கைவினைகள்’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குச் சற்றுத் தயக்கம் வருகிறது. ஏழு பொருள்களைச் செய்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பதை அது உறுதி செய்கிறது. ஏழு நார்களோடு பழக ஐந்து நாள் போதாது.

அப்படிப்பட்ட ஒரு குறுகிய வகுப்பில் நானே ஒருமுறை பயிற்றுநராக அழைக்கப்பட்டுப் போயிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, வேறு மாவட்டத்திலிருந்து வாங்கிய ஓலை ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் ஏற்றி, கட்டுக்கட்டாக மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. வந்திருந்த இருபது பேரும் கெட்டிக்காரர்கள். மூன்று மணி நேரத்தில் ஆளுக்கொரு சிறு பெட்டியை முடைந்துவிட்டார்கள். மாலையில் ஒரு பெண் என்னிடம் வந்து, எங்கள் வீட்டு வளவில் நான்கு பனை நிற்கிறது, ஊருக்குப் போனதும் அதிலிருந்து ஓலை எடுத்து இதையே செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்று சொல்ல வாய் வந்தது. எந்த ஓலை, எப்போது வெட்டுவது, எத்தனை நாள் காயவைப்பது, எவ்வளவு ஈரத்தில் முடைவது என்று ஒன்றுமே அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கற்றுக்கொண்டது வேலையின் பின்பாதியை. முன்பாதி யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில், கூலிக்கு, அவர் கண்ணில் படாமல் நடந்து முடிந்திருந்தது.

அந்த முன்பாதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் இதை வைத்து அதை அளந்துகொள்ளலாம்.

பனையின் உச்சியில் விரியாமல் கூம்பி நிற்பது குருத்தோலை. அதையடுத்து விரிந்தும் முற்றாமலும் இருப்பது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. அது அடுப்புக்கும் வேலிக்கும் ஆகும், முடைய ஆகாது. மெல்லிய கைவேலைக்குக் குருத்தோலையும், பாய், கடவம் என்னும் பெரிய கூடை போன்ற பாரம் தாங்கும் பொருளுக்குச் சாரோலையும் ஏற்றவை. ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்பதால், நல்ல பனையேறி ஒரு மரத்தில் ஒன்று எடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பள்ளிக்கு ஓலை வெட்டித் தருபவர் யார், அவர் இன்னும் மரம் ஏறுகிறாரா என்று நான் கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பனை நம் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்றும் ஆகியிருக்கிறது. மரம் நிற்கிறது, ஏறுவதற்குத்தான் ஆள் குறைந்துவிட்டது.

வெட்டிய குருத்தை அன்றே பிரித்து, இதழ் இதழாக விரித்து வெயிலில் போட வேண்டும். பகலில் வெயிலும் இரவில் பனியும் மாறி மாறிப் பட்டால்தான் பச்சை வெளுத்துத் தந்த நிறம் ஏறும். உச்சி வெயிலில் அதிக நாள் கிடந்தால் ஓலை முறுகி, மடக்கும் இடத்தில் ஒடியும். காய்ந்ததைச் சுருட்டிக் காற்றாடும் இடத்தில் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்த ஓலை மழைக்காலத்தையும் தாங்கும் என்பது பழைய வீட்டு அனுபவம். முடையும் நாளன்று இதழின் நடுவில் ஓடும் ஈர்க்கைப் பிச்சாத்தி என்னும் சிறு கத்தியால் நீக்கினால் இரண்டு கீற்று கிடைக்கும். அவற்றை வேண்டிய அகலத்துக்கு வார்வதில்தான் கை தெரியும். முதல் இரண்டு வாரம் என் மாணவிகள் வார்ந்த கீற்றுகளில் பாதி, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும். அகலம் ஒத்துவராத கீற்றால் பெட்டியின் அடியைப் போட்டால், நான்கு மூலையும் மடங்கி எழும்பும்போது ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பெட்டியைப் பார்த்த பிறகு ஒவ்வொருவரும் தாமாகவே வார்வதில் கவனம் வைப்பார்கள். அதற்கு முன் நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

ஈரம்தான் அடுத்த பாடம். ஓலையை நீரில் ஊறப்போடக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி வைத்து, அது இளகிய நிலையில் முடைய வேண்டும். ஊறிய ஓலை உப்பிப் பெருத்திருக்கும். முடைந்து முடித்துக் காய்ந்ததும் சுருங்கி, கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையில் கண் விழும். சாயம் போடுவதானால் கொதிக்கும் நீரில் கலந்து ஓலையை முக்கி எடுப்பதே வழக்கம். கடைச் சாயம் பளிச்சென்று பிடிக்கும். குடிநீரில் போடுகிறோமே, அந்தப் பதிமுகக் கட்டையிலும் மஞ்சளிலும் சிவப்பும் மஞ்சளும் எடுக்கலாம் என்றாலும், மஞ்சளின் நிறம் வெயிலில் விரைவில் வெளிறிவிடும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

பெட்டியின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பெட்டியும் கடவமும் சதுர அடியில் தொடங்கி வட்ட வாயில் முடிகின்றன. இதை எந்த அளவுகோலும் இல்லாமல், கீற்றுகளை எண்ணியும் மூலைகளை மடக்கியும் மட்டுமே நம் பாட்டிமார் செய்தார்கள். கணினித் துறையில் இருந்தவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று விட்டு ஒன்று எடுக்கும் பின்னலும், இரண்டுக்கு இரண்டு எடுக்கும் பின்னலும் தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் எண்ணிக்கைக் கணக்குதான். கடைசியில் விளிம்பைப் பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் பொத்தி முடிக்க வேண்டும். இந்த நாரை உரிக்கக் கற்றுத்தராமல், பிளாஸ்டிக் ஒயரால் விளிம்பைக் கட்டச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒயர் உறுதியானது, கிடைக்கக்கூடியது. ஆனால் ஓலைவேலை கற்க வந்தவருக்கு மட்டை நாரையும் காட்டாமல் அனுப்பக் கூடாது.

இந்த முன்பாதிக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். மிஞ்சிய நாள்களில் ஒரு சுளகு, ஒரு மூடிப்பெட்டி, ஒரு பாய்த் துண்டு ஆகிய மூன்றையும் திருத்தமாகச் செய்ய முடிந்தால், 45 நாள் நன்றாகச் செலவானது என்று கொள்ளலாம்.

கயிற்றுக்கு வருவோம். தேங்காயின் கதம்பையை (உரிமட்டையை) காயலோரத்து உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகிய பின் எடுத்து, மரக்கொட்டாப்புளியால் அடித்துத் தும்பு பிரிப்பது பழைய முறை. தேங்காய்ப்பட்டணம், மணக்குடி போன்ற கழிமுகப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த அழுகல் வாடை மறக்காது. நாரை ஒட்டிப்பிடித்திருக்கும் பசைப்பொருளை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று கரைப்பதால்தான் தும்பு மென்மையாகவும் வெளுப்பாகவும் பிரிகிறது. ஆறு முதல் பத்து மாதம் வரை அதற்குப் பிடிக்கும். இன்று பெரும்பாலும் ஆலையில் உரித்த தும்பே கிடைக்கிறது. அது முரட்டுத் தும்பு. கற்பவரின் உள்ளங்கையை முதல் வாரத்திலேயே பதம் பார்த்துவிடும்.

கயிறு திரிக்கும் சக்கரமான ராட்டில் திரிப்பதைச் சிறுமியாக நான் செய்திருக்கிறேன். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இருவர் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு, கதிரில் நுனியை மாட்டி, விரல்களால் தும்பை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். முற்றத்தின் கடைசி வரை போனதும் இரு புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். தனிப்புரி ஒரு பக்கம் முறுகியிருக்க, சேர்த்த கயிறு மறுபக்கம் முறுகுவதால்தான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கின்றன. வலம்புரி, இடம்புரி என்ற சொற்கள் சங்குக்கு மட்டும் உரியவை என்று நினைத்திருந்தால், ஒரு நாள் ராட்டின் அருகே நின்று பாருங்கள். என் தாயார் பின்னால் திரும்பிப் பார்க்காமலே தென்னை மரத்தின் அடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுவார். நான் ஒவ்வொரு முறையும் மரத்தில் முட்டிக்கொள்வேன்.

கயிறு திரிக்க மட்டும் என்றால் இரண்டு வாரம் போதும். மிதியடி, தரைவிரிப்பு நெய்வது வேறு படிப்பு. அதற்கு முறையான பயிற்சி வேண்டுமென்றால் கயிறு வாரியம் ஆலப்புழைக்கு அருகில் கலவூரில் நடத்தும் தேசியப் பயிற்சி மையத்தை நாடுவதே நல்லது. தக்கலையிலிருந்து அது ஒரு பகல் பயணம்தான்.

ரேந்தையின் கதை நம் மாவட்டத்துக்கே உரியது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் மார்த்தா அம்மையார் 1820-களின் தொடக்கத்தில் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டு அரச ஆணையால்தான் நீங்கியது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டதும், 1859-இல் மேலுடலை மறைத்து உடுத்த அரச அனுமதி கிடைத்ததும் இதே காலத்தில், இதே ஊர்களில் நடந்தவை. ஊசியும் நூலும் இந்த மண்ணில் பொழுதுபோக்காக வந்து சேரவில்லை. ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கீசியம். நம் கடற்கரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வேலைமுறை இதுதான்: இறுக்கமாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்தி, இணை இணையாக நூல் சுற்றிய மரக்குச்சிகளைத் தொங்கவிட்டு, குண்டூசிகளை நட்டுக்கொண்டே பின்னிப்போக வேண்டும். அசைவு இரண்டே இரண்டு: ஒன்றன்மேல் ஒன்றைக் கடத்துவது, ஒன்றோடு ஒன்றை முறுக்குவது. அந்த இரண்டையும் எந்த வரிசையில், எத்தனை முறை செய்கிறோம் என்பதில்தான் பூவும் இலையும் வலையும் பிறக்கின்றன. ஆறு இணைக் குச்சிகளில் தொடங்கிய நான், பன்னிரண்டு இணைக்கு வந்தபோது இரவில் கனவிலும் குச்சிகளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அம்மச்சி சிரித்துக்கொண்டே, “மக்ளே, எண்ணாதே, கேளு. குச்சி தட்டுற சத்தம் மாறிச்சின்னா தப்புன்னு அர்த்தம்” என்றார். எனக்கு அந்தக் காது வருவதற்குள் ஓராண்டு முடிந்துவிட்டது.

இன்று குச்சிகொண்டு ரேந்தை பின்னுபவர்கள் மிகக் குறைவு. மிஷன் வளாகங்களில் தையல் பூவேலையும் குரோஷாவும் தொடர்கின்றன. தலையணையோடு அமரும் கைகள் பெரும்பாலும் வயதான கைகள். உங்களுக்குக் கண்பார்வை நன்றாக இருந்து, ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் பொறுமையும் இருந்தால், பள்ளியைத் தேடுவதை விட அப்படியொரு அம்மச்சியைத் தேடுவது மேல். ஆனால் மூன்று மாதத்தில் ஓலையையும் ரேந்தையையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஓலை வார்ந்த விரல் சொரசொரப்பாகிவிடும். மெல்லிய பருத்தி நூல் அதில் சிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தறியைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வடசேரியும் கோட்டாறும் பழைய நெசவு ஊர்கள். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து போன சாலியர் குடும்பங்களே பாலராமபுரத்துக் கைத்தறியைத் தொடங்கினார்கள் என்பார்கள். தறியில் உட்கார்ந்து நாடா (குறுக்கிழையை ஓட்டும் கட்டை) விட ஒரு வாரத்தில் பழகலாம். பாவு (நெடுக்கிழை) ஓட்டுவது, பசை போடுவது, இழை பிணைப்பது ஆகியவை குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலைகள். மூன்று மாத விடுப்பில் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், கற்றேன் என்று சொல்ல முடியாது.

வாழை நாரையும் விட்டுவிடக் கூடாது. மட்டி, செந்துளுவன் வாழைகள் குலை தள்ளி முடிந்ததும் வெட்டிச் சாய்க்கும் தண்டு, பெரும்பாலான தோட்டங்களில் அப்படியே மட்கிப்போகிறது. அதன் மட்டையைக் கிழித்து உலர்த்திய நாரில்தான் தலைமுறைகளாகப் பூத் தொடுத்துவருகிறோம். தோவாளைக்கு ஒரு விடியற்காலையில் போய், பூச்சந்தையையும் மாணிக்கமாலை கட்டுபவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். மலரையும் இலையையும் மடித்து, கல் பதித்ததுபோலத் தட்டையாகக் கட்டும் அந்த மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வகுப்பு எதுவும் தேவையில்லை. ஓரமாக நின்று பார்க்க விட்டாலே நிறையத் தெரியும்.

எப்போது வருவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பள்ளியில் சேர்வது என்பதைவிட முக்கியமான கேள்வி அது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசி நடுவில், இடவப்பாதியில் தொடங்குவது ஒன்று, ஐப்பசியில் வருவது மற்றொன்று. இரண்டு மழையிலும் ஓலை காயாது. காய்ந்த ஓலையிலும் பூசணம் பூக்கும். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வெளியூர்க் கடை ஒன்று கேட்ட இருநூறு பெட்டிகளை நானும் மாணவிகளும் மே மாதக் கடைசியில் முடைந்து முடித்து, பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தோம். லாரி வருவதற்குப் பத்து நாள் தாமதமானது. அதற்குள் மழை பிடித்துவிட்டது. உறையைத் திறந்தபோது ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்புப் புள்ளிகள். தவறு லாரியுடையது என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். காற்றுப் போகாத உறையில் முழுவதும் காயாத ஓலையை அடைத்தது நான்தான். ஆகவே தை மாதம் தொடங்கி மூன்று மாதம் என்று விடுப்பை அமைத்துக்கொள்ளுங்கள். பனியும் வெயிலும் அப்போது ஓலைக்கு ஏற்றபடி இருக்கும். பனையேறிகளும் மரத்தில் இருப்பார்கள், அக்கானி (பதநீர்) குடித்துக்கொண்டே ஓலையும் வாங்கலாம்.

பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது, காட்சிக்கு வைத்திருக்கும் பொருள்களின் அழகில் நேரத்தைச் செலவிடாமல், பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஓலை காய்கிறதா, வார்ந்த கழிவு குவிந்திருக்கிறதா, பழைய மாணவிகள் யாராவது இன்னும் வந்து வேலை செய்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். பயிற்றுநர் பழுதான ஒன்றை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பிரித்து மறுபடி முடையச் சொல்பவரிடம் நம்பிச் சேரலாம். தானே வாங்கித் திருத்திக் கொடுப்பவரின் மாணவிகளுக்கு ஒருபோதும் கை வராது. எனக்கும் அந்தப் பழக்கம் முதல் சில ஆண்டுகள் இருந்தது. ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்குமேல் இருந்தாலும் யோசியுங்கள், ஏனென்றால் இந்த வேலையைப் பயிற்றுநரின் எதிரில் இருந்து கற்க முடியாது. அவருக்குப் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்கார்ந்தால்தான் இடக்கை எது வலக்கை எது என்று குழம்பாமல் இருக்கும்.

கிராமத்தில் தங்கிக் கைத்தொழில் கற்பது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மறுசீரமைப்பு மையத்துக்குப் பல இடங்களிலிருந்தும் பயிற்சிக்கு வந்தார்கள். மார்த்தாண்டம் தேன் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வது அங்கே பரவிய தேனீ வளர்ப்பின் தொடர்ச்சிதான். கற்றவர் தம் வீட்டு வளவில் இருப்பதை வைத்தே தொழிலைத் தொடர வேண்டும் என்பது அந்த மையத்தின் போக்கு. தேன் பெட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வருமானத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். சென்னையில் நீங்கள் வாங்கிய சம்பளத்தை ஓலை தராது. நடுத்தர அளவு மூடிப்பெட்டி ஒன்றுக்கு, ஓலை பதப்படுத்துவது முதல் விளிம்பு பொத்துவது வரை, தேர்ந்த கைக்கும் ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடும். அந்த ஒரு நாள் கூலியையும் ஓலையின் விலையையும் கூட்டிப் பாருங்கள். சந்தையில் பிளாஸ்டிக் டப்பா என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். உள்ளூரில் யாரும் அந்த விலையைக் கொடுக்க மாட்டார்கள். கருப்பட்டி, பனங்கற்கண்டு, திருமணப் பரிசு என ஏதேனும் ஒன்றை நல்ல உறையில் தர விரும்பும் வெளியூர்க் கடைகளே பெரும்பாலும் வாங்குபவர்கள். உங்களுக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தெரியும் என்பதால், நீங்களே முடைந்து விற்பதைவிட, நன்றாக முடையத் தெரிந்த பத்துப் பெண்களுக்கு நேர்மையான விலையோடு வேலை பெற்றுத்தருபவராக இருப்பதில்தான் வாய்ப்பு அதிகம். அதற்கும் நீங்கள் முதலில் முடையக் கற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் எது நல்ல பெட்டி என்று உங்களுக்கே தெரியாது.

தொடர்ந்து செய்வதாக முடிவெடுத்தால், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கண்காட்சிகளில் கடை கேட்க அது உதவும். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சமாக 50,000 ரூபாய், மானியமும் உண்டு. ஆனால் அதற்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், தொழிலில் அனுபவமும் வேண்டும் என்பதால் உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. முன்னோடி வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் எந்தெந்தத் தொழிலுக்கு எப்போது பயிற்சி தொடங்குகிறது என்றும் நாகர்கோவில் போகும்போது விசாரித்துவையுங்கள். அங்கே கட்டணம் இல்லை.

அம்மாவைத் தாராளமாக அழைத்து வரலாம். என்னிடம் கற்றவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாதவருக்கு முக்காலியும் தாழ்ந்த மேசையும் போதும். பெட்டியை மடியில் வைத்தும் முடையலாம். தக்கலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றால், அவருக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கவும் கூடும். சிறுவயதில் பாட்டியின் அருகில் உட்கார்ந்து ஈர்க்கு நீக்கிக் கொடுத்தவர்கள் பலர், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்கு வந்து, பிச்சாத்தியைக் கையில் வாங்கியதும் இயல்பாக வேலையைத் தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வரும்போது சொந்தமாக ஒரு சிறு பிச்சாத்தி, பழைய பருத்தித் துண்டுகள் இரண்டு, நகத்தை ஒட்ட வெட்டாத விரல்கள் ஆகியவை போதும். பரணிலோ நெல்லறையிலோ பாட்டி காலத்துப் பெட்டி ஏதாவது கிடந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியை ஒவ்வொரு கீற்றாகப் பிரித்து, எத்தனை கீற்றில் தொடங்கியிருக்கிறார்கள், மூலையை எந்தக் கீற்றில் மடக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிரித்ததை மறுபடி முடையச் சொல்லி உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள்.